வாட்ஸ்அப்பும் லேப்டாப்பும் அரசின் கண்காணிப்புக்குத் தப்ப: முதல் பாடம்

கடலில் பிடிபட்ட மீனவரின் வீட்டார், சங்கச் செயலாளர், யாழ்ப்பாணத்து வழக்கறிஞர், செய்தியாளர் என்று தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை பலரின் பேச்சும் படகுப் பத்திரமும் இப்போது போனில்தான் போய்வருகின்றன. அதை அரசு பார்க்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69-ஆம் பிரிவின் கீழ், உள்துறைச் செயலாளர் நிலையிலுள்ள அதிகாரி உத்தரவிட்டால் போதும், நீதிபதியிடம் போக வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் இதற்கென 10 அமைப்புகள் அறிவிக்கப்பட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஆகவே பூட்டி வைப்பதில் தவறே இல்லை, கூச்சமும் வேண்டாம்.

முதலில் பேக்கப். வாட்ஸ்அப் செய்தி போகும் வழியில் மறையாக்கப்பட்டுத்தான் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான்) போகிறது. ஆனால் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் நகலுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்டெட் பேக்கப்’பை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். தாளில் எழுதி வையுங்கள். தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது. எதிர்முனையில் இருப்பவரும் இதைச் செய்யாவிட்டால் உங்கள் பேச்சு அவருடைய பேக்கப்பில் திறந்தே கிடக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். வழக்கு சம்பந்தமான பேச்சுக்கு சிக்னல் செயலியே நல்லது. அதில் செய்தி தானாக அழியும் காலத்தை ஒரு வாரமாக வையுங்கள்.

அடுத்து போன் பூட்டு. நான்கு இலக்கம் போதாது. ஆறுக்கு மேல் வையுங்கள், எழுத்தும் கலந்தால் இன்னும் நல்லது. விரல்ரேகையை நம்பாதீர்கள், கையைப் பிடித்து வைத்தே திறந்துவிடலாம். சோதனை வரும் என்று தெரிந்தால் போனை முழுதாக அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்து கடவுக்குறியீடு போடும்வரை உள்ளே இருக்கும் பெரும்பாலான தரவின் சாவி நினைவகத்துக்கு வராது. அதனால் தரவை உருவும் கருவிகளுக்கு வேலை கடினமாகும்.

லேப்டாப்புக்கு இன்னும் கவனம் வேண்டும். விண்டோஸ் பாஸ்வேர்டு வட்டைப் பூட்டாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் தெரியும். விண்டோஸின் பிட்லாக்கர் வசதி வட்டையே மறையாக்கும். ஆனால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டப்படி கேட்டால் நிறுவனம் அதைக் கொடுக்கலாம். கணக்கைத் திறந்து பாருங்கள். அது பிடிக்காதவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருள் இருக்கிறது: இலவசம், விண்டோஸ் ஹோமிலும் ஓடும். தொடங்கும் முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, பேட்டரியை நிறைத்து, சார்ஜரைச் செருகியே வையுங்கள். புயல் எச்சரிக்கை நாளில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். மீட்பு டிஸ்க் உருவாக்கச் சொல்லும்போது தாண்டிப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் ‘ஸ்லீப்’ போடாமல் ‘ஷட் டவுன்’ செய்யுங்கள். தூங்கும் கணினியின் நினைவகத்தில் சாவி விழித்தே இருக்கும்.

ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்தால் அது தொலைபேசி நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. அதற்குப் பதிலாக ஏஜிஸ் போன்ற செயலியில் அந்த எண்ணைப் போனிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

விபிஎன் (உங்கள் இணையத் தொடர்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக மறைத்து அனுப்பும் சேவை) வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சிஇஆர்டி-இன்’ (CERT-In) வெளியிட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்குவதைவிட, தொடர்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் டார் பிரவுசர் மேல். ஆனால் நீங்கள் டார் பயன்படுத்துவது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அதற்குள் ஜிமெயிலில் நுழைந்தால் கூகுளுக்கும் நீங்கள் யாரென்று தெரியும்.

இவற்றில் எதுவும் டவர் பதிவை மறைக்காது. மண்டபத்திலிருந்து பாம்பன் போனால் சிம் எந்த டவரில் இருந்தது என்பது நிறுவனத்திடம் இருக்கும். சந்திப்பு ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் போனுக்குள் புகுந்தால் மறையாக்கமும் உதவாது, திரையில் இருப்பதையே படித்துவிடும். அப்டேட் வந்த அன்றே போடுங்கள். ஐபோனில், இத்தகைய உளவுக்கு வழியைக் குறைக்கும் ‘லாக்டவுன் மோடு’ ஆன் செய்யலாம்.

பிரவுசிங் சென்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து பத்திரம் பிரிண்ட் எடுத்தவர்கள், ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலில் இன்னும் நிற்கும் அந்தக் கணினியை இன்றே லாக் அவுட் செய்யுங்கள்.