ஓட வருபவர்கள் செய்யும் தவறுகள்

சர்க்கரை குறையணும், தொப்பை குறையணும் என்று எங்கள் மைதானத்துக்கு மாதம் நாலைந்து பேர் புதிதாக வருகிறார்கள். போன வாரம் வந்த தம்பி, நான் பத்து வருடத்துக்கு முன் செய்த கிறுக்குத்தனத்தை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஷூ, வார்ம்-அப், தண்ணீர் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தூக்கத்தைத் திருடி ஓடுவது

தம்பி இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறார். “வேற எந்த நேரத்தைக் குறைக்கிறது அண்ணே?” என்கிறார். என் பழைய வசனம்!

நானும் ஆறு மாதம் அப்படி ஓடினேன். பதினோரு மணி ஆனால் கேன்டீன் வாசலில் நிற்பேன்: வாழைக்காய் பஜ்ஜி இரண்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. பேன்ட் ஒரு சைஸ் ஏறியது. ஓட்டம் போதவில்லை போல என்று இரண்டு கிலோமீட்டர் கூட்டினேன். அதற்காக இன்னும் அரை மணி முன்னதாக எழுந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

கால் ஓடினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். பசி, சர்க்கரை, கொழுப்புச் செலவு எல்லாவற்றுக்கும் கணக்குப்பிள்ளை மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். 2016இல் வந்த ஓர் ஆய்வில், எலிகளுக்கு அங்குள்ள சில நரம்பணுக்களில் எஸ்எஃப்-1 என்ற புரதத்தை நீக்கிவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற எலிகளுக்குக் கிடைத்த அளவுக்கு இவற்றுக்குக் கொழுப்பும் குறையவில்லை, சர்க்கரையும் சீராகவில்லை. அப்புறம் வந்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. ஓட்டம் நின்ற பிறகும் ஒரு மணி நேரம்போல அந்த அணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. அப்போது அவற்றை அடக்கினால் ஸ்டாமினா ஏறவில்லை. எலிதான், அப்படியே மனிதனுக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தூக்கம் விஷயத்தில் மனிதக் கணக்கே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல், இளைஞர்களை இரண்டே இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அந்த ஹைப்போதலாமஸுக்கு ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18% இறங்கியது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28% ஏறியது. என் பஜ்ஜிக்குக் காரணம் நாக்கு மட்டுமில்லை. அங்கேயே 2010இல், உணவைக் குறைத்தவர்களை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் குறைவாகத் தூங்கியபோது கொழுப்புக் கரைவது பாதிக்கும் கீழே போய்விட்டது. மிச்சம் தசை போன்ற கொழுப்பில்லாத எடையில் கழிந்தது. தராசு மட்டும் சந்தோஷமாக இருக்கும்.

தம்பியை ஆறேகாலுக்கு வரச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

வாட்ச் காட்டும் கலோரி

அதை நம்பி வடை சாப்பிடாதீர்கள்.

காலையில் ஓட்டம், மீதி நாள் சோபா

உடம்பு சத்தமில்லாமல் சிக்கனம் பிடிக்கும். மாடிப்படியை லிஃப்ட் ஆக்கிவிடும்.

வேகமாக ஓடிய கையோடு சர்க்கரை பார்ப்பது

ஒரு பெரியவர் நாலு ரவுண்டு தலைதெறிக்க ஓடிவிட்டு விரலைக் குத்தினார். 160 இருந்தது 212! “ஓடினா ஏறுதே” என்று வீட்டுக்குக் கிளம்பினார். மூளை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினை ஏவினால், கல்லீரல் இருப்பிலுள்ள குளுக்கோஸைக் கொட்டும். 1849இலேயே கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியால் குத்தி இரத்தச் சர்க்கரையை ஏற்றிக் காட்டியிருக்கிறார். பெரியவரைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து 148.