லேப்பில் சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

பீக்கர் கீழே விழுந்தால் லேப் முழுக்கக் கேட்கும். உயிரியல் செய்முறை பழகத் தொடங்குபவர்களின் தவறுகள் பெரும்பாலும் அப்படிச் சத்தம் போடுவதில்லை. தப்பாகச் செய்தாலும் ஏதோ ஒரு முடிவு வந்துவிடும். பார்ப்பதற்குச் சரியானதைப் போலவே இருக்கும்.

மிகச் சிறிய அளவுத் திரவத்தை உறிஞ்சி விடும் மைக்ரோபைப்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலுள்ள பட்டனை அழுத்தினால் ஓரிடத்தில் தடுக்கும். இன்னும் அழுத்தினால் இரண்டாவது தடை வரும். திரவத்தை உறிஞ்சும்போது முதல் தடையோடு நிறுத்த வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது வரை போக வேண்டும். பழகாத கட்டைவிரல் உறிஞ்சும்போதே கடைசி வரை போய்விடுகிறது. நுனியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் டிப்பில் அளவுக்கு மேல் ஏறிவிடும், ஆனால் பைப்பெட்டில் தெரியும் எண் மாறாது. பட்டனைச் சட்டென்று விடுவது இன்னொரு கெட்ட பழக்கம். காற்றுக்குமிழி ஏறி அளவு குறையும். சில சமயம் திரவம் கருவிக்குள்ளேயே தெறித்துவிடும்.

மூன்று இலக்கம் காட்டும் பைப்பெட்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. மேலிருந்து கீழாக 1, 0, 0 என்று இருந்தால், 20 மைக்ரோலிட்டர் பைப்பெட்டில் அது 10 மைக்ரோலிட்டர், 200-இல் 100, 1000-இல் 1000. எந்தப் பைப்பெட் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் பத்து மடங்கு தவறு வரும். வரம்பைத் தாண்டித் திருகுவது இதைவிட மோசம், கருவியே கெட்டுவிடும்.

உங்கள் கை சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 0.1 கிராம் இருக்கும். துல்லியத் தராசில் ஒரு சின்னக் குப்பியை வைத்து, பத்து முறை விட்டு, ஒவ்வொரு முறையும் எடையைக் குறியுங்கள். எண்கள் முன்னும் பின்னுமாகத் தாவினால் பெரும்பாலும் கைப்பழக்கம்தான் காரணம். எல்லாமே ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம். விலை உயர்ந்த என்சைமைத் தொடும் முன் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது கிராம் ஸ்டெயினிங், அதாவது பாக்டீரியாவுக்கு நிறமேற்றி, ஊதாவாக நிற்பது பாசிட்டிவ், இளஞ்சிவப்பாவது நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிக்கும் முறை. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட இந்த முறை இன்றைக்கும் பிராக்டிகல் தேர்வுகளில் பலரைக் கவிழ்க்கிறது. கவிழ்ப்பது ஆல்கஹால் கழுவல்தான். ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலட்டும், அதைப் பிடித்துவைக்கும் அயோடினும் ஆளுக்கு ஒரு நிமிடம் இருக்கலாம். ஆல்கஹாலுக்குச் சில நொடிகளே போதும். வழியும் சொட்டில் ஊதா நின்றதும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் அதிகமானால் தடித்த செல்சுவருள்ள கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவும் நிறத்தை இழந்து, கடைசியில் இடும் சிவப்புச் சாயமான சாஃப்ரனினை ஏற்று இளஞ்சிவப்பாகத் தெரியும். ஸ்லைடில் தடவிய ஸ்மியர் தடிமனாக இருந்தால் இதற்கு நேர்மாறு: நெகட்டிவும் ஊதாவாகவே நிற்கும். பழைய கல்ச்சரும் (வளர்த்துவைத்த பாக்டீரியா) ஏமாற்றும், செல்சுவர் சிதையத் தொடங்கிய பாசிட்டிவ் செல்கள் நெகட்டிவ் போலக் காட்டும்.

அதனால் தெரியாத மாதிரியைத் தனியாக ஸ்டெயின் செய்யாதீர்கள். அதே ஸ்லைடில் ஒரு பக்கம் பாசிட்டிவ் என்று தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸ், இன்னொரு பக்கம் நெகட்டிவ் என்று தெரிந்த ஈ.கோலை பாக்டீரியாவை வையுங்கள். முதலாவது ஊதா, இரண்டாவது இளஞ்சிவப்பு என்று வந்தால் நடுவில் இருப்பதை நம்பலாம். வீட்டுத் தயிரிலும் பயிற்சி செய்யலாம், லாக்டோபேசில்லஸ் ஊதாக் குச்சிகளாகத் தெரியும்.

மைக்ரோஸ்கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். 40 மடங்கு லென்ஸுக்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடாதீர்கள், லென்ஸ் ஸ்லைடில் இடிக்கும். எண்ணெய் 100 மடங்கு லென்ஸுக்கு மட்டும். துடைப்பதற்கு லென்ஸ் பேப்பர் இருக்கிறது, சட்டை நுனி வேண்டாம்.

அப்புறம் ரெக்கார்டு. செய்முறைப் புத்தகத்தில் “30 நொடி” என்று இருப்பதை அப்படியே எழுதிவைப்பதுதான் வழக்கம். நீங்கள் 50 நொடி விட்டிருந்தால் 50 என்றே எழுதுங்கள். கல்ச்சரின் வயதையும் பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த வாரம் முடிவு மாறி வந்தால், காரணத்தைத் தேட அந்த இரண்டு எண்கள்தான் கையில் இருக்கும்.