கேலி என்று புரிய ஒரு குறி: மறந்துபோன நிறுத்தற்குறிகளைத் தமிழில் பயன்படுத்துவது எப்படி?

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில், கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பவர் ஒருவர், ‘இன்றைக்குக் கடல் குளமாகக் கிடக்கிறது, தாராளமாகப் போகலாம்’ என்கிறார். பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவார். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, காற்றும் கூடவே அடிக்கிறது. அதே வாக்கியத்தைத் தட்டச்சு செய்து தொண்டியில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பினால், அவர் படகை இறக்கினாலும் இறக்கிவிடுவார்.

எழுத்தில் தொனி தொலைந்துபோகிறதே என்ற கவலை புதிதல்ல. அதற்கென்றே புதுக் குறிகளைச் செய்து பார்த்தவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. கைப்பேசியில் இன்றும் எழுதக்கூடிய மூன்றை மட்டும் இங்கே பழகுவோம்.

படி 1: குறிக்கு முன் இடைச்சொல்

முதலில் ஒரு சாதாரண வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: ‘சம்மாட்டி நாளைக்குக் கணக்கு முடிப்பார்.’ (எங்கள் கரையில் படகு உரிமையாளரைச் சம்மாட்டி என்போம்.) இனி எந்தக் குறியையும் தொடாமல், ஆ, ஓ போன்ற இடைச்சொற்களைச் சேர்த்துத் தொனியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

‘சம்மாட்டியா நாளைக்குக் கணக்கு முடிப்பார்’ என்றால் சந்தேகம் ஆள்மீது. ‘சம்மாட்டி நாளைக்கா கணக்கு முடிப்பார்’ என்றால் சந்தேகம் நாள்மீது. ‘முடிப்பாராமே’ என்றால் யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட வியப்பு. ‘முடிப்பாரோ’ என்றால் ஐயம். ‘அவரோ முடிப்பார்’ என்றால் முடிக்கமாட்டார் என்றே பொருள்.

ஓர் எழுத்து இத்தனை வேலை செய்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் சொல்கிறது. கடைசியாகப் பார்த்தது எதிர்மறை ஓகாரம். ஓலைச்சுவடிகளில் வினாக்குறி இல்லை, உணர்ச்சிக்குறி இல்லை, பல சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளிகூட இல்லை. இன்று நாம் இடும் குறிகள் 19-ஆம் நூற்றாண்டில் அச்சோடு வந்து பரவியவை. உரைநடையில் அவற்றை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடிகளில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். அதற்கு முன்பும் நம்மவர்கள் கேட்டார்கள், வியந்தார்கள், மறுத்தார்கள்.

ஆகவே என் விதி கறாரானது: இடைச்சொல் வேலையை முடித்துவிட்டால் குறியைத் தேடாதீர்கள். சொல்லுக்குப் பொருள் நேர்மாறாக நிற்கும்படி பேசும்போதுதான் ஏகாரமும் ஓகாரமும் போதாமல் போகின்றன. புதுக் குறிக்கு அங்கேதான் இடம்.

படி 2: மூன்று குறிகளைப் பழகுங்கள்

‽ இது இன்டெரோபாங். வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் ஒரே புள்ளியில் நிற்கும். 1962-இல் மார்ட்டின் ஸ்பெக்டர் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத் தலைவர் இதை முன்வைத்தார். 1968-இல் ரெமிங்டன் தட்டச்சுப்பொறியில் இதற்கென ஒரு விசையே கிடைத்தது. பிறகு மவுசு குறைந்தது. கேள்வியும் திகைப்பும் ஒன்றாக வரும் இடத்தில் இடுங்கள்: ‘பாம்பனில் புதுப் பாலம் 2025-இலேயே திறந்தாயிற்று, நீ இன்னும் பார்க்கவில்லையா‽’ நாம் ‘?!’ என்று இரண்டு குறிகளை அடுக்கும் எல்லா இடத்திலும் இந்த ஒன்று போதும்.

⸮ இது திரும்பி நிற்கும் வினாக்குறி. 1580-களில் ஹென்றி டென்ஹாம் என்ற இங்கிலாந்து அச்சாளர், பதிலை எதிர்பார்க்காத கேள்விகளுக்காகக் கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டிலேயே வழக்கொழிந்துவிட்டது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்தே மாணவனைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவு வினா. விடையே வேண்டாம், என் ஆற்றாமையைக் கேட்டால் போதும் என்று கேட்பது இந்த ஆறுக்குள் எளிதில் அடங்காது. அதற்குத்தான் இந்தக் குறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் யாராவது கைமாற்று கேட்டால் இப்படி எழுதலாம்: ‘தடைக்காலத்தில் விசைப்படகுக்காரன் வீட்டில் பணம் கொட்டிக் கிடக்குமா⸮’

ஓர் எச்சரிக்கை. அரபு வினாக்குறியும் பார்வைக்கு ஏறக்குறைய இதேபோல இருக்கும். அரபுத் தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்கள் எழுந்த கீழக்கரைப் பக்கத்து வாசகர்களுக்கு அது நன்கு பழகிய குறி. அவர்கள் இதைச் சாதாரணக் கேள்வியாகவே படித்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அரபுக் குறியைத் தவறுதலாக எடுத்து ஒட்டினால் வரும். அது வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துக்கு உரியது; வாக்கியத்தில் எண்களும் அடைப்புக்குறிகளும் இடம்மாறித் தெரியக்கூடும்.

¡ இது தலைகீழ் உணர்ச்சிக்குறி. ஸ்பானிய மொழியில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். ஆனால் 1668-இலேயே ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கேலிக்குறியாக முன்மொழிந்தார். பின்னர் 1899-இல் அல்காந்தர் த பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞரும் கேலிக்கு ஒரு குறி செய்தார்; அது மேலே சொன்ன திரும்பிய வினாக்குறியைப் போலவே இருந்து குழப்புகிறது. அதனால் நான் வில்கின்ஸ் பக்கம். தமிழில் இந்தக் குறிக்கு வேறு வேலை இல்லை, எல்லாக் கைப்பேசியிலும் தெரியும், வாக்கியத்தின் முடிவில் நின்றால் கண்ணில் படும்: ‘விடிய விடிய வலை போட்டு அரைக்கூடை சூடை மீன் கிடைத்தது. இனி மாடி வீடு கட்ட வேண்டியதுதான்¡’

தமிழ் இதழ்கள் கேலிக்கு வேறொரு வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன: ‘தலைவரின் உழைப்பு(!)’. அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சொல்லைக் கிண்டல் செய்வதாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் முழுவதும் கேலி என்றால் மட்டும் ¡ இடுங்கள்.

1966-இல் எர்வே பசான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கேலி, ஐயம், உறுதி, வாழ்த்து, அதிகாரம், அன்பு என ஆறு குறிகள் வரைந்தார். அன்புக்குறி, எதிரெதிரே நிற்கும் இரண்டு வினாக்குறிகள் ஒரே புள்ளியில் சேர்ந்து இதய வடிவம் கொண்டது. அழகுதான், ஆனால் விசைப்பலகையில் கிடைக்காது, கையால்தான் வரைய வேண்டும். 2010-இல் அமெரிக்காவில் கிண்டலுக்கு ஒரு குறி செய்து விலைக்கே விற்றார்கள். காசு கொடுத்துக் கேலி செய்ய எங்கள் கரையில் ஆள் கிடைக்காது.

படி 3: தட்டச்சு

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால், ஆங்கில விசைப்பலகையில் எண்கள், குறிகள் உள்ள பக்கத்துக்குப் போய் வினாக்குறியை அழுத்திப் பிடியுங்கள். ‽ மேலே வரும். உணர்ச்சிக்குறியை அழுத்திப் பிடித்தால் ¡ வரும். ⸮ அப்படிக் கிடைக்காது. இந்தப் பக்கத்திலிருந்து நகலெடுத்து, விசைப்பலகை அமைப்பில் உள்ள தனிப்பட்ட அகராதியில் ‘திவி’ போன்ற ஒரு சுருக்கத்தோடு சேமித்துவிடுங்கள். ஐபோனிலும் விசைப்பலகை அமைப்பில் இதே வசதி உண்டு.

கணினியில் வேர்டு பயன்படுத்துபவர்கள் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 8253 தட்டினால் ‽ வரும். 0161 தட்டினால் ¡ வரும். வலைப்பக்கத்தின் நிரலில் எழுதுபவர்களுக்கு ‽ ⸮ ¡ என்ற மூன்றும் போதும்.

எழுதியதைப் பழைய கைப்பேசி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். ⸮ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தெரிந்தால் அந்த எழுத்துருவில் அது இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு எழுதும்போது அந்தக் குறியை விட்டுவிடுங்கள்.

படி 4: இடும் முறை

சொல்லை ஒட்டி இடுங்கள். இடைவெளி குறிக்குப் பிறகுதான். இதோடு வேறு வினாக்குறியோ முற்றுப்புள்ளியோ சேர்க்க வேண்டாம். ஒரு பத்திக்கு ஒன்றுக்குமேல் இட்டால் மிளகாய் கூடிய குழம்பாகிவிடும்.

படி 5: படிப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்

குறி என்பது இருவருக்கிடையே உள்ள உடன்பாடு. முதல் தடவை வெளிப்படையாகவே எழுதுங்கள் (காக்கா என்றால் இங்கே அண்ணன்): ‘காக்கா, வாக்கியத்தின் கடைசியில் ¡ வந்தால் நான் கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.’ அதற்குப் பிறகு சில நாள் அவருக்கு மட்டும் எழுதிப் பழகுங்கள். நிறையப் பேர் இருக்கும் குழுவுக்கு அப்புறம் போகலாம்.

வானிலை அறிவிப்பு, மீன் விலை, பங்குக் கணக்கு, ஊர்க்கூட்ட அழைப்பு ஆகியவற்றில் இந்த மூன்று குறிகளும் கூடவே கூடாது, கேலியும் கூடாது. மனு எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘எங்கள் தெருவில் குடிநீர் தாராளமாக வருகிறது¡’ என்று எழுதிக் கொடுத்தால், குறை தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள்.