மலையில் இருந்து டிசைன் வேலை: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு பிடித்து அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று வருகிற டிசைனர்கள் ஒரு கணக்கோடு வருகிறார்கள். குளிரும் பச்சையும் இருந்தால் ஐடியா தானாக வரும் என்பது அந்தக் கணக்கு. வராது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருக்கலாம், கிளையண்ட் கேட்டிருப்பது பருப்புப்பொடி பாக்கெட்தானே. இதே மலையில் உட்கார்ந்து இதே தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில், பலரும் மாட்டிக்கொள்கிற இடங்களைச் சொல்கிறேன்.

முதலில், மூடுக்காகக் காத்திருப்பது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் வேலை செய்வதைப் பார்த்தே நாமும் ஆரம்பித்துவிடுவோம். இங்கே ஜனவரிக் காலையில் ஒன்பது மணி ஆனாலும் கம்பளியை விட்டு வர மனசு வராது. கொஞ்சம் வெயில் வரட்டும் என்று ஒரு டீ. வெயில் வந்ததும், இதை விடக்கூடாது என்று ஒரு நடை. மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு டீ. நாள் முடிந்தது. ஊக்கம் என்பது பெரும்பாலும் வேலையில் கை வைத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். அதனால் முந்தின நாள் மாலை எதையாவது பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். காலையில் வெற்றுப் பக்கத்தைத் திறப்பதைவிட, கோணலாக நிற்கும் ஒரு தலைப்பைச் சரிசெய்வது எளிது. விரல் விறைத்திருந்தாலும் அந்த அளவு வேலை ஓடும்.

அடுத்தது, ஜன்னலைப் பார்த்து மேஜை போடுவது. வாடகை கொடுப்பதே அந்தக் காட்சிக்காகத்தான், புரிகிறது. ஆனால் பளிச்சென்ற ஜன்னலுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை மங்கலாகத் தெரியும். உடனே பிரைட்னஸை ஏற்றுவோம். அப்படி ஏற்றிய திரையில் கச்சிதமாகத் தெரிந்த படம் சிவகாசியில் அச்சாகி வரும்போது இருட்டடித்து வரும். அச்சகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்போம், பாவம், அவர்கள் மேல் தப்பே இருக்காது.

இன்னொரு தொல்லை, இங்கே வெளிச்சம் ஒரு நிலையில் நிற்காது. பனி மூடியிருக்கும்போது ஜன்னல் வழியே நீலம் தோய்ந்த வெளிச்சம் வரும், அரை மணியில் மேகம் விலகினால் வெயில், ஆறு மணிக்கு மேல் மஞ்சள் பல்பு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். அந்த பல்பு 2,700 கெல்வின் என்றால், திரையின் வெள்ளை வழக்கமாக 6,500 கெல்வின். அறை வெளிச்சம் மாறும்போதெல்லாம் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். காலையில் பிடித்துப்போன ஆரஞ்சு மாலையில் வேறு ஆரஞ்சாகத் தெரிவது இதனால்தான். போதாததற்கு, வெகுநேரம் பச்சையையே பார்த்துவிட்டுத் திரும்பினால் சிவப்பு கொஞ்ச நேரம் கூடுதல் எடுப்பாகத் தெரியும்.

மேஜையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு போட்டுக்கொள்ளுங்கள். திரைச்சீலை சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. பிரைட்னஸை ஓர் அளவில் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ செட்டிங்கை, நிறம் பார்க்கும் நேரத்திலாவது அணைத்துவிடுங்கள். அச்சு மாதிரியைப் பார்க்க அச்சுத் துறை வைத்திருக்கும் தரம் 5,000 கெல்வின் வெளிச்சம், அதற்கு நெருக்கமான ஒரு மேஜை விளக்கு இருந்தால் பாதித் தகராறு குறையும். காட்சியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் போதும்.

இனி, பலர் பெருமையாகவே செய்கிற தவறு. ஹோம்ஸ்டே லோகோ என்றால் மூன்று முக்கோண மலை, ஒரு தேயிலை, புகை விடும் ரயில். நீலகிரி எங்கே முக்கோணமாக இருக்கிறது? ஊட்டியிலிருந்து பாருங்கள், எல்லாம் உருண்டு உருண்டு போகும். 2,637 மீட்டர் தொட்டபெட்டாகூடக் கூர்முனை காட்டி நிற்காது. ரயிலையும் பார்க்காமலே வரைகிறார்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய பாதை அது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கர ஏற்றம், அங்கே என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். பெட்டியின் முன் மேடையில் பிரேக்மேன் கொடியோடு நிற்பார். என்ஜினை முன்னால் மாட்டி மேலே இழுக்கவிட்டிருக்கிற படங்களைப் பார்த்தால், வரைந்தவர் ஒருநாளும் அந்த ரயிலில் வந்ததில்லை என்று தெரிந்துவிடும்.

தோடர் எம்பிராய்டரி விஷயம் இதைவிட மோசம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைத்த பூத்துக்குளிப் போர்வையை ஸ்கேன் செய்து, தலையணை உறையிலும் விசிட்டிங் கார்டிலும் ‘பழங்குடி பேட்டர்ன்’ என்று ஒட்டிவிடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. உங்கள் வேலைக்கு அது வேண்டுமென்றால் தைக்கிற பெண்களிடமே கேட்டு, உரிய விலை கொடுத்துச் செய்து வாங்குங்கள். டிசைனர் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு, அது தைக்கும் முறை. துணியில் எதையும் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகிறது. நெசவே கட்டம். கைக்கு இரண்டு நிறம்தான், அதற்குள்தான் இத்தனை கோலமும். ஐடியா வரவில்லை என்று நூறு படங்களைச் சேமித்துக்கொண்டிருப்பதற்குப் பதில், அடுத்த போஸ்டரை இரண்டே நிறம், ஒரே எழுத்துரு என்று கட்டிப்போட்டுச் செய்து பாருங்கள். கையிருப்பு குறைந்தால்தான் மூளை தேட ஆரம்பிக்கும், என் அனுபவத்தில்.

நடை போவதும் அப்படியே. போனைப் பையிலேயே விட்டுவிட்டு, கவாத்துக்கு (கிளை வெட்டிவிடுவதற்கு)ப் பின் துளிர்த்த ஒரு தேயிலைச் செடி முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நுனியில் மஞ்சள் கலந்த பச்சை, அடுத்த இலையில் அது கொஞ்சம் அடங்கியிருக்கும், முற்றிய இலை கரும்பச்சை. காற்று அடித்தால் மேலே சில்வர் ஓக் இலைகள் புரண்டு அடிப்பக்க வெள்ளியைக் காட்டும், மரத்தின் நிறமே மாறிவிடும். வீட்டுக்கு வந்து அந்த நிறங்களை நினைவிலிருந்து கலந்து பாருங்கள். போட்டோவிலிருந்து ஐட்ராப்பரில் உறிஞ்சி எடுத்த நிறம் சரியாக இருக்கும், ஆனால் அது உங்களுடையதாக இருக்காது.

தனியாகவே ஆரம்பித்துத் தனியாகவே முடிப்பதும் ஆபத்து. ஆபீசில் யாராவது தோள் வழியே எட்டிப் பார்த்து, “என்னப்பா, விலை எங்க போட்டிருக்க?” என்று கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. பேக்கரி அண்ணனிடம் போனில் காட்டுங்கள். வர்க்கி பொட்டலம் கட்டிக்கொண்டே அவர், “இது சோப்பா தம்பி?” என்று கேட்டால், மசாலா பாக்கெட்டில் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

கிளையண்டுக்கு மூடுபனி படம் அனுப்பாதீர்கள். குறிப்பாக, டெலிவரி தள்ளிப்போன வாரத்தில். நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் சென்னையில் இருப்பவர் மனதில் நீங்கள் ஊட்டியில் ஜாலியாக இருக்கிறீர்கள். வீடியோ காலில் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும்.

கரண்ட், நெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இன்வெர்ட்டர், வேறு கம்பெனி சிம் ஒன்று, பெரிய ஃபைல்களைக் கடைசி நாளுக்கு வைக்காத பழக்கம். ஆனால் மாதம் பார்த்து வாருங்கள். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அக்டோபர், நவம்பரில் மரம் விழுந்து கம்பி அறுவதும், பர்லியார் வழி மண் சரிந்து அடைபடுவதும் உண்டு. மே மாதம் மழைத் தொல்லை குறைவு, கூட்டத் தொல்லை அதிகம். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. ஏப்ரலில் வந்து வெயிலில் வீட்டைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நவம்பரில் ஒரு வாரம் வாடகைக்குத் தங்கி, படுக்கையறையில் நின்று ஒரு வீடியோ கால் பேசிப் பார்த்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.