அடுத்த ஈடு எப்ப இறங்கும்? ஓட்டலில் ஆர்டர் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டலில் உட்கார்ந்துவிட்டால் ஆளுக்கொரு சட்டம். ஒருவருக்குச் சாம்பார் கிண்ணத்தில்தான் வேண்டும், தட்டில் ஊற்ற விடமாட்டார். இன்னொருவருக்கு இட்லி சாம்பாரில் மிதக்க வேண்டும். கிழங்கு பூரியின் மேல் பட்டுவிட்டால் முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. இதில் எதையும் மாற்றிக்கொள்ளச் சொல்ல நான் வரவில்லை. நாக்கு அவரவருடையது. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே பண்டத்தைப் பற்றியவை. சமையலறை ஓடுவதோ நேரத்தை வைத்து. அதைக் கவனிக்காமல் ஆர்டர் கொடுப்பதால்தான் நல்ல ஓட்டலிலும் சுமாரான டிபன் சாப்பிட்டுவிட்டு, "முன்ன மாதிரி இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டு வருகிறோம்.

நேரம் பார்க்காமல் கேட்பது

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை, எட்டு மணிக்குக் கூட்டம் இருக்கும்போது ஈடு ஈடாக இறங்கிக்கொண்டே இருக்கும். வெந்தது நேராகத் தட்டுக்கு வரும். பதினோரு மணிக்குப் போய்க் கேட்டால் வருவது பெரும்பாலும் ஒன்பது மணிக்கு இறங்கி ஹாட்பாக்ஸில் கிடந்த இட்லி. ஆவியில் வெந்து இளகிய மாவுச்சத்து ஆற ஆற இறுகும். மறுபடி ஆவி காட்டினால் மேலே ஈரமாகவும் உள்ளே வறண்டும் இருக்கும். அதனால் பத்தரைக்கு மேல் நான் இட்லி கேட்பதில்லை, தோசைதான். தோசையைச் சுட்டு அடுக்கி வைத்து ஓட்டல் நடத்த முடியாது. கேட்ட பிறகுதான் மாவு கல்லில் விழும்.

"சூடா என்ன இருக்கு?" என்று கேட்பதால் பயனில்லை. இட்லி, வடை, பொங்கல், பூரி, தோசை என்று சர்வர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். எல்லாம் சூடுதான் என்பார். "அண்ணே, அடுத்த ஈடு எப்ப இறங்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு மனப்பாடப் பதில் கிடையாது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் ஆகும் சார்" என்பார், இல்லாவிட்டால் "தோசை சொல்லிருங்க" என்பார். இரண்டுமே நமக்கு லாபம்.

தோசைக்கும் நேரம் உண்டு. மாலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நெய் ரோஸ்ட் சொல்வது கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் கல் அப்போதுதான் காய ஆரம்பித்திருக்கும். காயாத கல்லில் தோசை வெளுத்து வரும். அதிகமாகக் காய்ந்த கல்லில் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். மாஸ்டர் தண்ணீர் தெளித்து விளக்குமாறால் தேய்ப்பது, சுத்தத்துக்காக என்பதைவிட அந்தச் சூட்டை இறக்கத்தான். நாலைந்து தோசை ஊற்றி எடுத்த பிறகு கல் பதத்துக்கு வரும். அதுவரை ஒரு வடையோடு பொறுத்திருக்கலாம்.

அந்த வடையை எந்த எண்ணெயில் போடுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள விதி. நம் கையில் அளக்கும் கருவி இல்லை, கண் இருக்கிறது. எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, நுரை அடங்காமல், சீக்கிரமே புகைந்தால் அங்கே பஜ்ஜி வேண்டாம். சட்டி வாசலிலேயே இருக்கும் கடைகளில் இது ஒரு வசதி. உள்ளே மறைத்துப் பொரிக்கிற கடையில் வடையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

பிரியாணிக்கு மதியம் தம் உடைக்கும் நேரம்தான் நேரம். மூன்று மணிக்கு "தீர்ந்துபோச்சு" என்று கைவிரிக்கும் கடையை நான் நம்புவேன். காலை பதினோரு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை எப்போது கேட்டாலும் ஒரே பிரியாணி தரும் சின்னக் கடையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். பரோட்டா நேர் எதிர். மைதாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறப்போட்டு, வீசி அடுக்கும் வேலை பெரும்பாலான கடைகளில் மாலையில்தான் சூடு பிடிக்கும்.

கூட்டமாகப் போய் ஆளுக்கொன்று சொல்வது

எட்டுப் பேர் போகிறோம். ஒருவருக்கு ஆனியன் ரவா, ஒருவருக்குப் பொடி ரோஸ்ட், ஒருவருக்கு மசால் தோசை, ஒருவருக்கு ஊத்தப்பம். முதல் தட்டு வந்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருந்து ஆறியதைச் சாப்பிடுவார். கடைசித் தட்டுக்காரர் மற்றவர்கள் கை கழுவும்போது ஆரம்பிப்பார்.

பொடி, நெய், மசால் எல்லாம் ஒரே மாவு, மாஸ்டர் ஒரே வீச்சில் ஊற்றிவிடுவார். ரவா தோசை வேறு மாவு. மோர் போல நீர்த்திருக்கும், ரவை அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் கலக்கித் தெளிக்க வேண்டும், முறுகுவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். கல்லில் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே மேசையில் ரவா ஆசாமி இருந்தால் அவர் ஆர்டரை முதலில் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் ஒரு பிளேட் இட்லியில் தொடங்குங்கள். எட்டுப் பேரும் ரவா ஆசாமிகள் என்றால் வேறு ஓட்டல் பார்ப்பது நல்லது.

பிடிக்காததையும் ஆகாததையும் ஒரே குரலில் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. "வெங்காயம் வேண்டாம், தேங்காய் கம்மி, முந்திரி போடாதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால் சர்வர் காதில் எல்லாமே செல்லம் கொஞ்சுவதாகத்தான் விழும். முந்திரி உள்ளே போனால் தொண்டை வீங்கும் ஆளுக்கும், முந்திரியைப் பொறுக்கி ஓரமாக வைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வாமை இருந்தால் அதை மட்டும் தனியாக, முதலில், காரணத்தோடு சொல்லுங்கள்: "எனக்கு நிலக்கடலை ஒத்துக்காது, சாப்பிட்டா ஆஸ்பத்திரி போகணும். சட்னியில கடலை இருக்கா?" பிறகு மற்ற விருப்பங்களுக்கு வரலாம்.

எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னியில் நிலக்கடலை சேர்க்கும் கடைகள் உண்டு. வெள்ளையாக, வழுவழுப்பாக வரும் குருமாவில் முந்திரி இருக்க வாய்ப்பு அதிகம். கோதுமை ஆகாதவர்கள் இட்லி, சாம்பார் என்றால் கவலையில்லை என்று நினைப்பார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது சாம்பாரிலும் ரசத்திலும் இட்லிப் பொடியிலும் போகிறது. ரவா தோசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ரவையே கோதுமைதான். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு இன்னொரு சிக்கல்: உங்கள் சாதாத் தோசைக்கு முன்னால் அதே கல்லில் ஆனியன் ஊத்தப்பம் வெந்திருக்கும். கல்லைத் துடைத்துவிட்டு ஊற்றச் சொன்னால் செய்வார்கள், கூட்ட நேரத்தில் சொன்னால் முணுமுணுப்பார்கள். சொல்லத்தான் வேண்டும்.

விரதம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல். பாதி சாப்பிட்ட பிறகு "இதுல பூண்டு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால், உண்மையான பதில் யாருக்கும் நிம்மதி தராது.

ஓர் ஊர்ப் பழக்கத்தை இன்னோர் ஊரில் தேடுவது

விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். அதைப் பார்த்து "என்ன இவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டுவிட்டு மெத்தென்ற பரோட்டா கேட்பதற்கு, விருதுநகர் வரை போயிருக்கவே வேண்டாம். அது நொறுக்கி, சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டியது. மதுரைக் கறிதோசை தோசை, முட்டை, கறி என்று அடுக்காக வரும். அதற்கு முன் "தொட்டுப் பார்க்க" இரண்டு பரோட்டா சொன்னால் கறிதோசையில் பாதி தட்டில் நிற்கும். பள்ளிபாளையம் சிக்கன் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கியது, அதில் கிரேவி தேடாதீர்கள். ஆம்பூரில் பிரியாணியோடு கத்திரிக்காய் வரும், அதை ஒதுக்கிவிட்டுச் சால்னா கேட்பது எனக்குச் சம்மதமில்லை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா என்று பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வைப்பார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது, "இன்னைக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

புது ஊரில் மெனு கார்டைவிடப் பக்கத்து மேசை நம்பகமானது. உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் ஒரே பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். உற்றுப் பார்க்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இலைச் சாப்பாட்டில்

முதல் தவறு சாம்பாரிலேயே வயிற்றை நிரப்பிவிடுவது. காரக்குழம்பு, ரசம், மோர் என்று இன்னும் மூன்று சுற்று இருக்கிறது. சோற்றைக் குவித்து வாங்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி வாங்கினால் ரசத்துக்கு நியாயம் கிடைக்கும். முழுச் சாப்பாட்டை வாங்கிப் பாதியைக் கொட்டுகிறவர்களுக்கு அளவுச் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது. விலையும் குறைவு. அப்பளத்தை முதல் கவளத்திலேயே முடிக்கலாமா, மோர்ச் சோறு வரை காக்கலாமா, நாஞ்சில் நாட்டுக்காரர்கள் போலப் பாயசத்தில் நொறுக்கிப் போடலாமா என்பதெல்லாம் அவரவர் பிறப்புரிமை. திருநெல்வேலியில் சொதி கிடைத்தால் கூடவே இஞ்சிப் பச்சடி வரும், அதை விடாதீர்கள். தேங்காய்ப்பால் கனத்துக்கு அது வேண்டும்.

காபியை டிபனோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். தோசை வரும் முன்பே டபரா வந்து நின்று ஆடை கட்டும். "டிபன் முடிஞ்சதும் சொல்றேன்" என்பதே போதும். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்கள் இன்னும் தள்ளிப்போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அவற்றில் உள்ள டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது.

பில்லைப் பார்க்காமல் பணம் வைப்பதும் தவறுதான். பெரிய ரெஸ்டாரண்டுகளில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மிச்சமான பணத்தைச் சர்வர் கையில் கொடுங்கள், அவருக்கு அது போய்ச் சேரும்.

பார்சல்

முறுகல் தோசையைப் பார்சல் கட்டச் சொல்வதை யாராவது தடுக்க வேண்டும். மடித்துச் சுற்றியதுமே உள்ளிருக்கும் ஆவி முறுகலை ஊறவைத்துவிடும். வீட்டுக்கு வருவது தோசை நிறத்தில் ஈரத்துணி. பார்சலுக்கு ஊத்தப்பம், இட்லி, பரோட்டா ஏற்றவை. பரோட்டாவில் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பொங்கல் வழியிலேயே இறுகும், ஆகவே கொஞ்சம் தளர இருந்தால் பரவாயில்லை. பூரி வேண்டவே வேண்டாம்.

கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. வடையைச் செய்தித்தாளில் கட்டுவதையும் உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதில்லை, அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து பண்டத்தில் ஏறும். தூக்கு கொண்டுபோனால் இரண்டு பிரச்சினையும் இல்லை. சில கடைகளில் ஒரு கரண்டி சாம்பார் கூடவே விழும்.

மதியம் வாங்கிய ஃப்ரைட் ரைஸை வெளியே வைத்திருந்து இரவில் சூடாக்கிச் சாப்பிடுவது கூடாது. சோற்றில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நீண்ட பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவது இதனால்தான், புளிப்பில் அந்தப் பாக்டீரியா எளிதில் பெருகாது. மிஞ்சிய இட்லி ஃபிரிட்ஜில் கல்லாகும். தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி காட்டினால் கொஞ்சம் இளகும். இல்லாவிட்டால் உதிர்த்து, கடுகு தாளித்து உப்புமாவாக்கிவிடுங்கள், அது காலை இட்லியைவிட எனக்குப் பிடிக்கும்.