எஞ்சினை மேம்படுத்திய பின் ஸ்னோமொபைல் கிளட்சைச் சரிசெய்யும் முறை

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலில் பெரிய சிலிண்டர் கிட்டையோ (மாற்றுப் பாகத் தொகுப்பையோ) டர்போவையோ புதிய எக்ஸாஸ்ட் பைப்பையோ பொருத்தியவர்களில் பலர் முதல் ஓட்டத்திலேயே ஏமாற்றம் அடைகிறார்கள். எஞ்சின் உறுமுகிறது, ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) விறுவிறுவென்று ஏறுகிறது, ஆனால் செலவழித்த பணத்துக்கு ஏற்ற வேகம் வண்டியில் தெரிவதில்லை. பழைய எஞ்சினின் சக்திக்கு அளந்து வைத்த கிளட்ச் புதிய எஞ்சினோடு அப்படியே தொடர்வதுதான் இதற்குக் காரணம். பெரிய சிலிண்டரும் புதிய பைப்பும் ஏற்றிய என் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கிளட்சைச் சரிசெய்து முடித்த கையோடு, நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். பெல்ட் மூடியைக் கழற்றவும் பெல்ட்டை மாற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிளட்ச் என்ன செய்கிறது

ஸ்னோமொபைலின் சி.வி.டி. (விகிதம் தொடர்ச்சியாக மாறும்) அமைப்பில் கியர்கள் இல்லை. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் முனையில் ப்ரைமரி கிளட்ச், பனியில் வண்டியைத் தள்ளும் பட்டையான டிராக்கை இயக்கும் பக்கத்தில் செகண்டரி கிளட்ச், இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட், அவ்வளவுதான். ப்ரைமரி சுழலும்போது அதற்குள் இருக்கும் எடைகள் வெளிநோக்கி விரிந்து தட்டுகளை நெருக்க, பெல்ட் மேலேறி வண்டி உயர்ந்த விகிதத்துக்குப் போகிறது. அதை ப்ரைமரி ஸ்பிரிங் ஒரு பக்கமும், செகண்டரியின் ஹீலிக்ஸும் (சாய்வான பாதை வெட்டிய பாகம்) ஸ்பிரிங்கும் மறுபக்கமும் தடுத்து நிற்கின்றன. இந்த இழுபறி எந்த ஆர்.பி.எம்.மில் சமநிலைக்கு வருகிறதோ, முழு த்ராட்டிலில் எஞ்சின் அங்கேதான் நிற்கும்.

அந்த எண் உங்கள் எஞ்சின் உச்ச சக்தி தரும் ஆர்.பி.எம்.மாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலை முழுவதன் நோக்கம். த்ராட்டிலை முழுவதும் அழுத்தியவுடன் முள் அந்த எண்ணுக்குப் போய், வண்டி கடைசி வேகத்தை எட்டும் வரை அசையாமல் நிற்க வேண்டும். எஞ்சினின் சக்தி கூடும்போது பழைய எடைகள் தரும் சுமை அதற்குப் போதாது. அதனால்தான் மேம்படுத்திய எஞ்சின் பெரும்பாலும் இலக்கைத் தாண்டிச் சுழல்கிறது. பைப்போடு இசைந்து வேலை செய்யும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் உச்சத்தைத் தாண்டியதும் சக்தி சட்டென்று சரிந்துவிடும் என்பதால், முள் உயரமாக நிற்பதைப் பார்த்து மகிழ வேண்டாம்.

முதலில் எஞ்சின், பிறகுதான் கிளட்ச்

எரிபொருள் கலவையும் இக்னிஷன் டைமிங்கும் புதிய பாகங்களுக்கு ஏற்றபடி சரியாக இருக்கின்றனவா என்பதை உறுதி செய்யாமல் கிளட்சைத் தொடக் கூடாது. கலவை அளவுக்கு மீறிச் செறிவாக இருந்தால் எஞ்சின் சக்தி குன்றி ஆர்.பி.எம். இறங்கும், நீங்கள் அதைக் கிளட்சின் குறை என்று நினைத்து எடையைக் குறைப்பீர்கள், பிறகு கலவையைச் சரிசெய்தவுடன் எஞ்சின் எல்லை மீறிச் சுழலும். ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், தட்டல் சத்தம் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள், கிட்டைத் தயாரித்தவர் சொல்லும் எரிபொருளையே ஊற்றுங்கள்.

இலக்கு ஆர்.பி.எம்.மையும் கிட்டைத் தயாரித்தவரிடமே கேட்டு வாங்குங்கள், அல்லது டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) தாளில் சக்திக் கோடு உச்சம் தொடும் இடத்தைப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண் பழைய எஞ்சினுக்கானது. பைப் மாறினால் உச்சத்தின் இடமும் மாறும்.

பெல்ட்டும் நேர்கோடும்

இரண்டு கிளட்ச்களுக்கும் இடையிலான தூரமும், அவை ஒரே நேர்கோட்டில் இருப்பதும், பெல்ட்டின் தொய்வும் கையேட்டின் அளவில் இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது செகண்டரியில் பெல்ட் தட்டின் விளிம்புக்குச் சமமாகவோ மிகச் சிறிதளவு மேலேயோ அமர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் வண்டி உயர்ந்த விகிதத்திலேயே கிளம்ப முயன்று திணறும். அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் த்ராட்டில் கொடுக்காமல் எஞ்சின் ஐடிலில் இருக்கும்போதே வண்டி ஊர்ந்து நகரும். இந்த இரண்டு குறைகளையும் எந்த எடையாலும் எந்த ஸ்பிரிங்காலும் தீர்க்க முடியாது.

புதிய பெல்ட்டை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி முற்றிலும் காயவிட்டு மாட்டுங்கள். தட்டுகளை மென்மையான தேய்ப்புப் பட்டையால் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். ப்ரைமரிக்குள் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் கூடாது. அது உலர்ந்த நிலையில் வேலை செய்யும் பாகம்.

கருவிகள்

ப்ரைமரியைக் கழற்ற வேண்டியிருந்தால் உங்கள் வண்டிக்கென்றே செய்யப்பட்ட புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவியை) வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மூன்று கால் புல்லரைத் தட்டின் விளிம்பில் மாட்டி இழுத்தால் தட்டு வளையும். ஸ்பிரிங் மூடியைத் திறக்க அழுத்திப் பிடிக்கும் கருவி அவசியம். அது இல்லாமல் போல்ட்டுகளைக் கழற்றினால் மூடி பாய்ந்து வந்து காயப்படுத்தும். மூடியிலும் தட்டுகளிலும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும் சமநிலைக் குறிகளை, கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்து மார்க்கரால் அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கிராங்கின் கூம்பு முனையும் கிளட்சின் உட்பகுதியும் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, சிறிது தூரம் ஓட்டிய பின் மீண்டும் சரிபாருங்கள்.

எடைகளைப் பொறுத்தவரை, அடிப்பகுதி, நடு, நுனி ஆகிய இடங்களில் சிறு திருகுகளைச் சேர்த்தோ எடுத்தோ மாற்றக்கூடிய எடைகளையே நான் பரிந்துரைப்பேன். முதலில் விலை கூடுதலாகத் தோன்றும். ஆனால் நிலையான எடைகளைச் சிறுசிறு வித்தியாசத்தில் பல தொகுப்புகளாக வாங்கிக் குவிப்பதைவிட இதுவே சிக்கனம்; மாற்றம் எங்கே நடந்தது என்பதும் தெளிவாகத் தெரியும். ஸ்கீ-டூ வண்டிகளில் வரும் டி.ஆர்.ஏ. வகை ப்ரைமரி கிளட்ச் உள்ளவர்களுக்கு 1 முதல் 6 வரை எண்ணிட்ட திருகு அமைப்பு இருக்கிறது. ஒரு எண் மாறினால் உச்ச ஆர்.பி.எம். ஏறத்தாழ 200 மாறும். அது நுண்ணிய திருத்தத்துக்கானது, எஞ்சின் மேம்பாட்டின் முழு வித்தியாசத்தையும் அதன் தலையில் கட்டக் கூடாது. இவற்றோடு ஓர் அகச்சிவப்பு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும்.

சோதனை ஓட்டம்: பைப்பின் சூடு

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் வண்டியைக் கிளப்பி, சில விநாடிகள் முழு த்ராட்டிலில் ஓட்டி, தெரிந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எடையை மாற்றப் போய்விடுகிறார்கள். அந்த எண் நம்மை ஏமாற்றும்.

டூ-ஸ்ட்ரோக் பைப்பின் வேலை ஒலி அலைகளின் நேரக்கணக்கில் நடக்கிறது. பைப்புக்குள் இருக்கும் வாயு சூடாகும்போது அதில் ஒலியின் வேகம் கூடுகிறது, அலை முன்கூட்டியே சிலிண்டருக்குத் திரும்புகிறது, அதனால் பைப் இசையும் ஆர்.பி.எம். உயர்கிறது. ஆறிய பைப்போடு இருக்கும் எஞ்சின் இலக்குக்குக் கீழே சுழல்வது இயல்பே. அதைப் பார்த்து நீங்கள் எடையைக் குறைத்துவிட்டால், நீண்ட வெளியில் பைப் நன்றாகச் சூடேறியதும் எஞ்சின் இலக்கைத் தாண்டி ஓடும். நீங்கள் ஓட்டும் விதத்தை முதலில் தீர்மானியுங்கள்: உறைந்த ஏரியின் மேல் நீண்ட தூரம் விரட்டுபவர் சூடான பைப்பின் எண்ணை நம்ப வேண்டும்; மரங்களுக்கிடையே விட்டுவிட்டு த்ராட்டில் கொடுப்பவர் அரைச் சூட்டில் கிடைக்கும் எண்ணுக்கு அமைக்க வேண்டும்.

எந்தப் பனியில் வழக்கமாக ஓட்டுவீர்களோ அதே பனியில் சோதியுங்கள், ஏனெனில் ஆழமான தூள் பனி தரும் சுமை கெட்டிப்பட்ட பாதையில் இல்லை. சோதனைக்கு முன் ப்ரைமரி தட்டின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். ஓடி முடித்து எஞ்சினை நிறுத்திய பின் மூடியைத் திறந்தால், பெல்ட் உரசிய இடம் வரை கோடு அழிந்து, அதற்கு மேல் மை அப்படியே பளிச்சென்று நிற்கும். பெல்ட் விளிம்பு வரை ஏறுகிறதா, பாதியிலேயே நிற்கிறதா என்பதை இந்த ஒரு கோடு சொல்லிவிடும். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டாம். அறுந்த பெல்ட் கையையும் முகத்தையும் கிழிக்கும்.

ஒரே ஓர் எண்ணைக் குறிக்காதீர்கள். கிளம்பும்போது, நடுவேகத்தில், கடைசி வேகத்தில் என்று மூன்று இடங்களில் ஆர்.பி.எம்.மைக் குறியுங்கள். டாக்கோமீட்டர் முள்ளைவிட, எண்ணைப் பதிவு செய்து வைக்கும் டிஜிட்டல் கருவி நம்பகமானது. வேகமாகப் போகும்போது முள்ளை உற்றுப் பார்ப்பது ஆபத்தானதும்கூட.

எடையை மாற்றுதல்

இலக்கு 8,200 என்றும், சூடான பைப்போடு எல்லா இடத்திலும் 8,500 தெரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எடையைக் கூட்ட வேண்டும். ஒவ்வோர் எடையிலும் ஒரு கிராம் கூட்டினால் ஏறத்தாழ 100 ஆர்.பி.எம். இறங்கும் என்பது தொடங்குவதற்கான கணக்கு. கிளட்ச் வகையைப் பொறுத்து இது மாறும். இங்கே இரண்டு கிராமில் தொடங்கி, மீண்டும் ஓட்டி, அதன் பிறகு அடுத்த மாற்றத்தை முடிவு செய்யுங்கள். மூன்று எடைகளும் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும்; வித்தியாசம் வந்தால் ஏற்படும் அதிர்வு கிராங்கின் பேரிங்கைப் பாதிக்கும்.

மூன்று எண்களும் ஒன்றாக இல்லையென்றால் மொத்த எடையை மாற்றிப் பயனில்லை. கிளம்பும்போது சரியாக இருந்து கடைசி வேகத்தில் ஆர்.பி.எம். தொய்ந்தால், நுனி எடையைக் குறையுங்கள், அல்லது முடிவு விசை அதிகமான ப்ரைமரி ஸ்பிரிங்கைப் போடுங்கள். கடைசியில் மட்டும் தாண்டி ஓடினால் நுனியில் கூட்டுங்கள். கிளம்பும்போது மட்டும் தாண்டினால் அடிப்பகுதியில் கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். எடையையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று பிரித்தறிய வழியே இருக்காது.

ப்ரைமரி ஸ்பிரிங்கில் 120/310 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தொடக்க விசை, இரண்டாவது முழுவதும் அழுந்தும்போது உள்ள விசை. தொடக்க விசை கூடினால், கிளட்ச் பெல்ட்டைப் பிடித்து வண்டி நகரத் தொடங்கும் ஆர்.பி.எம். உயரும், அது வழக்கமாக 3,000 முதல் 4,500 வரை இருக்கும். புதிய எஞ்சின் கீழ் ஆர்.பி.எம்.மில் திணறினால் இதைச் சிறிது உயர்த்தலாம். வண்டி கிளம்பும் அந்த உதைப்புக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறி உயர்த்துவது பெல்ட்டை எரிக்கும் வழி.

செகண்டரி

ப்ரைமரி ஒழுங்குக்கு வந்த பிறகே இங்கே கை வையுங்கள். ஹீலிக்ஸின் கோணம் கூடினால் கிளட்ச் விரைவாக மேலே போகும், ஆர்.பி.எம். இறங்கும், கோணம் குறைந்தால் த்ராட்டிலை விட்டு மீண்டும் அழுத்தும்போது எஞ்சின் உடனே இலக்குக்குத் திரும்பும். இதைச் சோதிக்க, முழு வேகத்தில் போகும்போது த்ராட்டிலை ஒரு கணம் விட்டு மறுபடி அழுத்துங்கள். ஆர்.பி.எம். கீழே விழுந்து தயங்கி ஏறினால், கோணம் குறைந்த ஹீலிக்ஸோ விசை கூடிய செகண்டரி ஸ்பிரிங்கோ தேவை. 44/36 என்று இரண்டு எண்கள் பொறித்த ஹீலிக்ஸ் தொடக்கத்தில் ஒரு கோணமும் முடிவில் ஒரு கோணமும் கொண்டது. சக்தி கூடிய எஞ்சின் கிளம்பும்போது பெரிய கோணத்தை எளிதாக இழுத்துவிடும் என்பதால், இவ்வகை ஹீலிக்ஸ் பெரும்பாலும் நன்றாகப் பொருந்துகிறது.

இறுதியில் சூட்டைப் பாருங்கள். கடினமாக ஓட்டியவுடன் எஞ்சினை நிறுத்தி, இரண்டு கிளட்ச்களின் தட்டுகளையும் வெப்பமானியால் அளந்து குறியுங்கள். செகண்டரி மட்டும் அதிகமாகக் கொதித்தால், அங்கே பெல்ட்டைப் பிடிக்கும் அழுத்தம் போதாமல் அது வழுக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ப்ரைமரி கொதித்தால், பெல்ட்டைப் பிடிக்கும் கட்டத்தில் வழுக்கலா என்று பாருங்கள். ஆர்.பி.எம். எவ்வளவு அழகாக நின்றாலும், சூடு அடங்காத அமைப்பை முடிந்த வேலையாக நான் கருதுவதில்லை.

பின்சேர்க்கை

வாசகர்கள் இருவர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள்: எடையை எவ்வளவு கூட்டினாலும் ஆர்.பி.எம். இறங்கவில்லை. அப்படி இருந்தால் முதலில் மார்க்கர் கோட்டைப் பாருங்கள். கோடு விளிம்பு வரை அழிந்திருந்தால் கிளட்ச் தன் எல்லையை எட்டிவிட்டது. அதன் பிறகு எடையால் பயனில்லை, செகண்டரியிலிருந்து டிராக்குக்குச் சக்தியைக் கொண்டுபோகும் செயின்கேஸில் உள்ள பற்சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். கோடு பாதியில் நின்றிருந்தால், ப்ரைமரியின் ரோலர்களும் புஷ்ஷிங்குகளும் தேய்ந்து சிக்குகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொருவர், பள்ளத்தாக்கில் சரியாக இருந்த வண்டி மலையேறியதும் மந்தமாகிறது என்று கேட்டிருந்தார். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கிறது. சக்தி குறைந்த எஞ்சினுக்குப் பழைய எடை பாரமாகிவிடுகிறது. மலையில் ஓட்டும் நாட்களுக்கு எடையைக் குறைத்த தனி அமைப்பை அங்கேயே சோதித்துக் குறிப்பேட்டில் உயரம், வெப்பநிலை, பனியின் தன்மை ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். கீழே இறங்கி ஓட்டுவதற்கு முன் மறக்காமல் எடையைத் திரும்பக் கூட்டுங்கள்.