தேவையில்லாத டிரைவ் லெட்டரை எடுத்து விடுறது எப்படி

விண்டோஸ் கம்ப்யூட்டர்ல திஸ் பிசியை தொறந்தா சி, டி போக இ, எஃப், ஜி, எச்னு டிரைவ் லெட்டர் வரிசையா நிக்கும், அதுல பாதிய க்ளிக் பண்ணா டிஸ்க்கை சொருகுங்கன்னு மெசேஜ் வரும். இதை எடுத்து விடலாம், பயப்பட வேணாம். லெட்டரை எடுத்தா உள்ள இருக்குற ஃபைல் எதுவும் போகாது, வீட்டு வாசல்ல இருக்குற நம்பர் பலகைய கழட்டுற மாதிரிதான், வீடு அப்படியே இருக்கும்.

ஆனா அது என்ன டிரைவுன்னு முதல்ல பாத்துக்கோங்க, அதுக்கு தகுந்தபடி வழி மாறும். காலியா நிக்குறதெல்லாம் பெரும்பாலும் கார்டு ரீடரோட ஸ்லாட்டுதான், அதுக்கு லெட்டரை தொடவே வேணாம், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல வியூ டேப்ல "ஹைட் எம்ப்டி டிரைவ்ஸ்"னு ஒரு டிக் இருக்கும், அதை போட்டா மறைஞ்சிடும், கார்டு சொருகினா தானா வந்துடும். நெட்வொர்க் டிரைவா (நெட்வொர்க்ல வேற கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபோல்டர்) இருந்தா ரைட் க்ளிக் பண்ணி டிஸ்கனெக்ட் குடுத்தா போதும். ஐஎஸ்ஓ ஃபைல (டிஸ்க்கோட நகல் ஃபைல்) மவுண்ட் பண்ணி வந்த டிவிடி டிரைவுன்னா, ரைட் க்ளிக் பண்ணி எஜெக்ட்.

நிஜமான பார்ட்டிஷன்னா (டிஸ்க்குல பிரிச்சு வச்ச ஒரு பகுதி) விண்டோஸ் கீயும் எக்ஸும் சேத்து அமுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க. அந்த டிரைவ் மேல ரைட் க்ளிக், "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்", அப்புறம் ரிமூவ். இந்த டிரைவை நம்பி இருக்குற ப்ரோக்ராம் ஓடாம போகலாம்னு ஒரு எச்சரிக்கை வரும், அதுல ப்ரோக்ராமோ கேமோ எதுவும் இன்ஸ்டால் பண்ணலன்னா யெஸ் குடுங்க. அதே மெனுவுல டெலீட் வால்யூம், ஃபார்மேட் ரெண்டும் பக்கத்துலயே இருக்கும், அவசரத்துல அதை அமுக்கிட்டா மொத்தமும் போச்சு, ஒரு தடவை நின்னு படிச்சுட்டு க்ளிக் பண்ணுங்க. சி டிரைவ் லெட்டரை எடுக்க விண்டோஸே விடாது.

ரொம்ப பேரை படுத்துறது ரெக்கவரி பார்ட்டிஷன். சில நேரம் அப்டேட்டுக்கு அப்புறம் இதுக்கு திடீர்னு ஒரு லெட்டர் கிடைச்சிடும், சைஸே சில நூறு எம்பிதான், அதனால கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா "லோ டிஸ்க் ஸ்பேஸ்"னு நோட்டிஃபிகேஷன் வந்து உயிரை எடுக்கும். இடம் பத்தலன்னு அதுல இருக்குறதை டெலீட் பண்ணிடாதீங்க, விண்டோஸ் படுத்துட்டா எழுப்புறதுக்கு அதுதான் வேணும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ரைட் க்ளிக் பண்ணாலும் ஹெல்ப் மட்டும்தான் காட்டும், அதனால கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா தொறந்து டிஸ்க்பார்ட்னு டைப் பண்ணுங்க (எல்லாமே இங்கிலீஷ் எழுத்துலதான்), அடுத்து லிஸ்ட் வால்யூம், வர்ற பட்டியல்ல லெட்டரையும் சைஸையும் ஒத்துப் பாத்து அந்த நம்பரை எடுத்துக்கோங்க, 4ன்னு வச்சுக்கோங்களேன், செலக்ட் வால்யூம் 4, கடைசியா லெட்டர் எஃப்னா ரிமூவ் லெட்டர்=எஃப். முடிஞ்சதும் எக்ஸிட்.

பென்டிரைவுக்கு இப்படி எடுத்தீங்கன்னா அந்த கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வச்சுக்கும், அடுத்த தடவை சொருகுனாலும் லெட்டர் வராது, பென்டிரைவ் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அதே இடத்துக்கு போய் ஆட் குடுத்து லெட்டர் போட்டா திரும்ப வந்துடும்.